சிறப்பு அழைப்பாளர்

"ஒரு கையெழுத்துதானே கேக்கறேன். என்னமோ சொத்தை எழுதிக் கேட்ட மாதிரி நிக்கறியே" என்றார் மருந்துக்கடைக்காரர். பேனாவின் மூடியைத் தானே கழற்றி மனைவியின் முன்னால் வைத்தார்.

அவள் பேனாவைத் தொடவில்லை. சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு விரித்து வைத்திருந்த கடிதத்தை இரண்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள். தட்டச்சில் பதினோரு வரி. ஐந்தாவது வரிக்கு மேல் அவள் கண் நகரவில்லை. 'எனக்குப் போதிய கணக்கறிவு இல்லாத காரணத்தால், என் கணவருக்கு உதவுவதாக நினைத்து இரண்டு நிதிகளையும் ஒன்றாகக் கலந்து எழுதிவிட்டேன்' என்றிருந்தது அந்த வரி. அதற்குக் கீழே மன்னிப்பு. அதற்கும் கீழே அவள் கையெழுத்துக்காக ஒரு புள்ளிக்கோடு.

கூடத்து சோபாவில் கழகத்தின் செயலாளர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு வக்கீலின் குமாஸ்தா. கடிதத்தை அடித்துக்கொண்டு வந்தவர் அவர்தான். கையெழுத்து வாங்காமல் எழுந்திருக்கிற உத்தேசம் அவருக்கு இல்லை. ஐந்து மணிக்குப் பொதுக்கூட்டம், இப்போது மூன்றேகால்.

"அவசரமே இல்ல அண்ணி. நிதானமாப் படிங்க" என்றார், கடிகாரத்தைப் பார்த்தபடியே.

விஷயம் இதுதான். சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் கால்பந்து ஆடுகிற கழகம் அது. யாரும் லாபம் பார்ப்பதற்காக நடத்துவதல்ல, சந்தாவையும் நன்கொடையையும் வைத்து ஓடுவது. ஒவ்வொரு பிள்ளையும் மாதச் சந்தாவோடு காயநிதி என்று ஒரு சிறு தொகை தனியாகக் கட்டும். விழுந்து அடிபடுகிற பிள்ளையின் வைத்தியத்துக்கு மட்டுமே அதைத் தொடலாம் என்று விதிப்புத்தகத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. போன மாதம் பெண்கள் அணியின் கோல்கீப்பருக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் செய்தால்தான் நடை சரியாகும் என்றார் டாக்டர். அவளுடைய அப்பா பஸ் டிரைவர். கழகம் கொடுத்த காயநிதிச் செக்கை நம்பி அப்படியே ஆஸ்பத்திரியில் கொடுத்தார். மூன்றாம் நாள் அது பணமில்லை என்று திரும்பி வந்தது. எட்டு வருஷத்துச் சேமிப்பில் எண்ணூற்றுச் சொச்சம்தான் மிச்சம் என்று அப்போதுதான் வெளியே தெரிந்தது.

மீதி எங்கே போனது என்று அந்த வீட்டில் இருந்த மூன்று பேருக்குமே தெரியும். போன வருஷம் தலைவர் தன் அப்பா பெயரில் ஒரு கோப்பைப் போட்டி நடத்தினார். வாசலில் வளைவு, வழியெல்லாம் விளக்கு, விருந்தினருக்கு மெத்தை நாற்காலி, ஆளுயரக் கோப்பை, பத்திரிகையில் அரைப்பக்க விளம்பரம். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று காயநிதியிலிருந்து வாரி இறைத்தார். அந்தச் செக்குகளில் பொருளாளர் என்ற முறையில் மருந்துக்கடைக்காரரின் கையெழுத்து இருந்தது. செக் புத்தகம் வந்த அன்றே ஐம்பது தாளிலும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுத் தலைவர் மேசையில் கொண்டுபோய் வைத்துவிடுவது அந்தக் கழகத்தின் பழக்கம். பெரிய மனிதரை ஒவ்வொரு கையெழுத்துக்கும் காக்கவைக்கக் கூடாதாம்.

ஆனால் கணக்கு எழுதியது அவரில்லை. கழகத்தின் பேரேட்டை ஒன்பது வருஷமாக எழுதிவந்தவள் இவள்தான். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வரவுசெலவு பார்த்தவள். சமையல் முடிந்து, மேசையைத் துடைத்து, ஈரம் காய்ந்ததும் பேரேட்டை விரிப்பாள். ஒரு ரசீது குறைந்தாலும் அவளுக்குத் தூக்கம் வராது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கழகங்களின் கூட்டமைப்பு சிறந்த கணக்குப் பராமரிப்புக்கென்று ஒரு கேடயம் கொடுத்தது. மருந்துக்கடைக்காரர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய் அதை வாங்கி வந்தார். கேடயத்தில் அவர் பெயர். அவள் அதற்கும் சந்தோஷப்பட்டாள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

தாய்மார்கள் யாரும் அந்தக் கழகத்தில் உறுப்பினர் கிடையாது. படிவத்தில் தகப்பனார் பெயருக்குத்தான் இடம். அம்மாக்கள் தண்ணீர் பாட்டில் நிரப்பலாம், சட்டைக்கு நம்பர் தைக்கலாம், போட்டி முடிந்ததும் மைதானத்தைப் பெருக்கலாம். கூட்டத்துக்கு மட்டும் வர வேண்டியதில்லை.

"இந்த வரியை எழுதினது யாரு?" என்று கேட்டாள் அவள், கடிதத்திலிருந்து நிமிராமல்.

"எந்த வரி அண்ணி?"

"எனக்குக் கணக்குத் தெரியாதுங்கற வரி."

செயலாளர் சிரித்துக்கொண்டே எழுந்துவந்து மேசைப் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதில் அவர் கைதேர்ந்தவர். "அது ஒரு பேச்சுக்குத்தான். நான் கோர்ட்டுலயே கிடக்கறவன், சொல்றேன் கேளுங்க. ஆம்பளை தப்புப் பண்ணான்னா கேஸு, விசாரணை, மானக்கேடு. வீட்டுப் பொம்பளை தெரியாமப் பண்ணிட்டான்னா அதோட முடிஞ்சது. பாவம், விட்டுடுங்கப்பான்னு நாலு பேரு சொல்வாங்க. உங்களை யாரு என்ன பண்ணப் போறா?"

"பணம்?"

"தலைவர் கட்டிடறேன்னுட்டாரு. கொஞ்சம் கொஞ்சமா. காயநிதிக்குத் தலைவர் நன்கொடைன்னு வரவு வெச்சுக்கலாம்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நான் பண்ணின தப்பை அவரு தர்மம் பண்ணித் தீர்க்கறாரு."

"அப்படியும் வெச்சுக்கலாம்" என்றார் செயலாளர், கொஞ்சமும் கூசாமல்.

"அந்தச் செலவு நடந்த வாரமே இவர்கிட்டச் சொன்னேன். காயநிதியிலேருந்து எடுக்கறாங்க, கேளுங்கன்னு."

மருந்துக்கடைக்காரர் எரிந்து விழுந்தார். "சொன்ன, சொன்ன. அவரைப் போய் யாரு கேக்கறது? நம்ம கடை யாரு கட்டடத்துல இருக்கு? நாளைக்கே காலி பண்ணுன்னா மருந்தையெல்லாம் தலையில வெச்சு விப்பியா?"

அதுதான் உள்ளபடி நெருக்கடி. இந்தக் கடிதத்தில் அவள் கையெழுத்து விழுந்தால் கடை நிலைக்கும், கணவனின் பெயர் நிலைக்கும். விழாவிட்டால் இரண்டும் போகும். பதிலுக்கு அவள் கொடுக்க வேண்டியதெல்லாம் ஒரே ஒரு வரிதான். தனக்குக் கணக்குத் தெரியும் என்பதும் போனால் தன்னிடம் சொந்தமாக என்ன இருக்கும் என்று யோசித்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை.

வெளிக்கதவு திறந்தது. அவர்களுடைய மகள் உள்ளே வந்தாள். பதினைந்து வயது, அதே பெண்கள் அணியில் தடுப்பாட்டக்காரி. கோல்கீப்பர் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறாள். வந்திருக்கிறவரைப் பார்த்ததும் தயங்கினாள். பிறகு அம்மாவிடம் மட்டும் சொன்னாள்.

"அவளால காலை மடக்கவே முடியலம்மா. அவங்கம்மா வளையலை வித்தும் பாதிதான் தேறுதாம். டாக்டர், தள்ளிப்போட்டா ஆடவே முடியாதுன்னுட்டாராம்."

"நீ உள்ள போ" என்றார் அப்பா.

அவள் போகவில்லை. மேசைமேல் கிடந்த கடிதத்தை எட்டிப் பார்த்தாள். படித்து முடித்தபோது அவள் முகம் மாறிவிட்டது. அம்மாவைப் பார்த்தாள், பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

தாய் கடிதத்தை நான்காக மடித்தாள். "இதை நீங்க எடுத்துட்டுப் போய்ப் படிச்சா நல்லாருக்காது. ஒளிஞ்சுக்கிட்டு எழுதிக் குடுத்த மாதிரி இருக்கும். நானே வந்து பேசறேன்."

செயலாளர் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிற ஒரு பெண்ணைப் பார்த்தால் பஸ் டிரைவர்கூட வாயை மூடிக்கொள்வார் என்று பட்டது. வாசலுக்குப் போய்த் தலைவரிடம் போனில் பேசிவிட்டு மலர்ந்த முகத்தோடு திரும்பினார்.

"தலைவர் சரின்னுட்டாரு. உறுப்பினர் இல்லாதவங்க உள்ள வரக் கூடாதுன்னு விதி இருக்கு. பரவாயில்ல, சிறப்பு அழைப்பாளர்னு போட்டு நடவடிக்கைக் குறிப்புல ஏத்திடறேன். முறையா இருக்கும்."

அவர் போனதும் அவள் புடவை மாற்றிக்கொள்ள அறைக்குள் போனாள். மருந்துக்கடைக்காரர் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றார்.

"அங்க என்ன சொல்லப் போற?"

"தெரியல."

"விளையாடாத. என் மானம் உன் கையில இருக்கு."

"ஒன்பது வருஷமா அங்கதானே இருந்தது" என்றாள் அவள். குரல் உயரவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டாள். கைப்பையில் கடிதத்தை வைத்தாள். பேரேட்டையும் கையில் எடுத்துக்கொண்டாள். பொதுக்கூட்ட மேசையில் பேரேடு இருக்க வேண்டும் என்பது விதி. அதைத் திறக்க வேண்டும் என்று விதியில்லை, அதனால் ஒன்பது வருஷமாக யாரும் திறக்கவுமில்லை. செயலாளர் தாமாக ஒரு பக்க அறிக்கை தயாரிப்பார், மருந்துக்கடைக்காரர் அதைப் படிப்பார், எல்லோரும் கைதட்டுவார்கள். கடிதத்தையா பேரேட்டையா, எதைப் படிப்பது என்று தெருவில் இறங்கியபோதும் அவளுக்கு உறுதியில்லை. கடைவாசலைக் கடக்கையில் கணவர் மூடியிருந்த ஷட்டரைத் திரும்பிப் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

மைதானத்தை ஒட்டிய கழக அறையில் அறுபது எழுபது ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு அம்மாக்கள் நின்றார்கள். வழக்கத்தைவிட அதிகம் பேர். கோல்கீப்பரின் அம்மாவும் இருந்தாள். தலைவர் நடு நாற்காலியில் இருந்தார். இரும்புக்கடை முதலாளி. குரல் கனமாக இருக்கும், அதை அவர் உயர்த்த வேண்டிய அவசியம் நேர்ந்ததில்லை.

செயலாளர் எழுந்து, எழுதியதை வாசித்தார். "நமது கழகத்தின் கணக்குகளைக் கடந்த ஒன்பது ஆண்டுகளாகத் தம் கைப்பட எழுதிவரும் பொருளாளரின் துணைவியார், காயநிதி குறித்து விளக்கம் அளிப்பதற்காகச் சிறப்பு அழைப்பாளராக அழைக்கப்பட்டுள்ளார்."

பழியை அவள் தலையில் இறக்கி வைக்க வேண்டுமென்றால் கணக்கு எழுதியது அவள்தான் என்று முதலில் ஒத்துக்கொண்டாக வேண்டும். குமாஸ்தா புத்திக்கு அது ஒரு சாதாரணப் படி. அறையில் மட்டும் சலசலப்பு எழுந்தது.

"அப்ப நம்ம பொருளாளர் எழுதலையா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்தாள். கைப்பையைத் திறந்தாள், கடிதத்தின் விளிம்பு விரலில் பட்டது. முன்வரிசையில் பஸ் டிரைவர் வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்து உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. இவள் ஏதாவது நல்லது சொல்வாள் என்று நம்புகிறவர் மாதிரி இருந்தார். அவள் கைப்பையை மூடினாள். பேரேட்டைத் திறந்தாள். பக்கம் தேட வேண்டியிருக்கவில்லை.

"காயநிதி, பற்று" என்று ஆரம்பித்தாள். "வாசல் வளைவும் விளக்கும், தொண்ணூற்று நாலாயிரம். உத்தரவு, தலைவர். விருந்தினர் நாற்காலியும் சிற்றுண்டியும், அறுபத்தோராயிரம். உத்தரவு, தலைவர். கோப்பையும் பத்திரிகை விளம்பரமும், ஒரு லட்சத்து ரெண்டாயிரம். உத்தரவு, தலைவர். மொத்தம் ரெண்டு லட்சத்து ஐம்பத்தேழாயிரம். மூணு செக்கோட நம்பரும் தேதியும் இருக்கு. பணம் வாங்கினவங்க ரசீதை இந்தப் பக்கத்துலயே ஒட்டியிருக்கேன். யாரு வேணா வந்து பாக்கலாம்."

செயலாளர் பாதி எழுந்து, தலைவரைப் பார்த்து, உட்கார்ந்துவிட்டார். தலைவர் பதறவில்லை. அவர் இரும்பு விற்கிறவர்.

"ரொம்ப நல்லா எழுதி வெச்சிருக்கம்மா. எனக்கு ஒண்ணுதான் புரியல. எல்லாம் தெரிஞ்சிருந்தும் ஒரு வருஷமா ஏன் வாயைத் திறக்கல? மூடி மறைச்சது யாரு, நானா நீயா?"

எழுபது தலைகளும் அவள் பக்கம் திரும்பின. நியாயமான கேள்விதானே என்பதுபோல் சிலர் தலையாட்டினார்கள். அவளுக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. அதனால்தான் அவ்வளவு வலித்தது.

"சொன்னேன். வீட்டுல சொன்னேன். சொல்றதுக்கு எனக்கு இருந்த இடம் அதுதான். இந்த அறைக்குள்ள வர எனக்கு இன்னைக்குத்தான் அனுமதி கிடைச்சுது. அதுவும் எனக்குக் கணக்குத் தெரியாதுன்னு சொல்றேன்னு நம்பித்தான் உள்ள விட்டாங்க." ஜன்னல் பக்கம் பார்த்தாள். "இருந்தாலும் அந்த ஜன்னல்லயாவது நின்னு கத்தியிருக்கணும். கத்தல. அந்தப் பொண்ணு காலுக்கு நானும் பொறுப்புதான். அதையும் குறிப்புல எழுதிக்குங்க."

பஸ் டிரைவர் மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க சொல்லுங்க. அம்மா படிச்சது நிஜமா?" என்று கேட்டார்.

மருந்துக்கடைக்காரர் எழுந்திருக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். "நிஜம். படிக்காமக் கையெழுத்துப் போட்டவன் நான்" என்றார். உட்கார்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவர்மேல் அவளுக்கு அன்று வந்த மரியாதை வேறு எப்போதும் வந்ததில்லை.

அதற்கப்புறம் அறை இரண்டுபட்டது. கத்தினார்கள், நாற்காலி கவிழ்ந்தது. கடைசியில் தலைவர் முழுத் தொகையையும் பதினைந்து நாளில் கட்டிவிட வேண்டும், அதை நன்கொடை என்று எழுதக் கூடாது, அதுவரை கோல்கீப்பரின் வைத்தியத்துக்கு உறுப்பினர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்ட வேண்டும் என்று முடிவானது. தலைவர் எழுந்து வெளியேறினார். மருந்துக்கடைக்காரரின் நாற்காலியருகே ஒரு நொடி நின்று, "மாசக் கடைசியில சாவியைக் குடுத்துடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மருந்துக்கடைக்காரர் தன் பதவியை விட்டுவிடுவதாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் தூற்றிக்கொள்ளத் தெரிந்தவர். "உண்மையைத் துணிஞ்சு சொன்ன சிறப்பு அழைப்பாளருக்குக் கழகத்தோட நன்றி" என்றார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், சிலருக்குக் கண் கலங்கியிருந்தது. கைதட்டல் அடங்கியதும் அவரே மெதுவாகச் சொன்னார். "அடுத்தது புதுப் பொருளாளர் தேர்தல். உறுப்பினர் இல்லாதவங்க வெளிய இருக்கணும்னு விதி. தப்பா நெனைக்காதீங்க அண்ணி. புத்தகத்தை மட்டும் மேசையில வெச்சுடுங்க."

அவள் பேரேட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அம்மாக்கள் விலகி வழிவிட்டார்கள். கோல்கீப்பரின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வளையல் இல்லாத அந்தக் கை சூடாக இருந்தது. உள்ளே யாரோ ஒரு பெயரை முன்மொழிந்தார்கள், யாரோ வழிமொழிந்தார்கள், மறுபடி பலத்த கைதட்டல். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

கதவைத் திறந்துகொண்டு பஸ் டிரைவர் வந்தார். இரண்டு கையாலும் பேரேட்டை அணைத்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, என்னையே பொருளாளராப் போட்டுட்டாங்க. ஒருத்தர்கூட எதிர்க்கல. நீங்க மட்டும் இல்லைன்னா என் பொண்ணு..." கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேரேட்டை அவளிடம் நீட்டினார். "ஆனா உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன, எனக்குக் கூட்டல் கழித்தலே தகராறு. எப்பவும் போல நீங்களே எழுதிடுங்கக்கா. கையெழுத்து மட்டும் நான் போட்டுக்கறேன்."

அவர் நல்ல மனிதர். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவரைக் கோபித்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"உள்ள கூட்டம் முடிஞ்சுடுச்சா?" என்று கேட்டாள் அவள்.

"இல்லக்கா. குறிப்பெல்லாம் எழுதிட்டிருக்காங்க."

"அப்ப உள்ள போய், என்கிட்டச் சொன்னதை அவங்ககிட்டச் சொல்லுங்க. எனக்குக் கணக்குத் தெரியாதுன்னு."

டிரைவரின் சிரிப்பு பாதியில் நின்றது. கதவைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அத்தனை பேருக்கு முன்னாலயா? அசிங்கமா இருக்காதாக்கா?"

"இருக்கும்" என்றாள் அவள். நீட்டிய பேரேட்டை வாங்கிக்கொள்ளவில்லை. "போய்ச் சொல்லுங்க. நான் இங்கதான் நிக்கறேன்."